பென்சிலால் எழுதிய பெயர்கள்: நிபோங் திபால் நாட்குறிப்பு

முதல் நாள், திங்கள்

மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் கல்யாணம் நேற்றோடு முடிந்தது. வந்திருந்த உறவுக்கூட்டம் லங்காவிக்கும் கேமரன் மலைக்குமாகப் பிரிந்து போயிற்று. நான் மட்டும் ஃபெரிப் படகில் கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த் வந்து, தெற்கே போகும் கொமுட்டர் ரயிலில் ஏறினேன். நிபோங் திபாலில் அப்பாவின் சித்தப்பா மகள் இருக்கிறார். எனக்கு அத்தை முறை. "வெள்ளிக்கிழமை வரை இருப்பதாக இருந்தால் வா, இல்லையென்றால் வராதே" என்று தொலைபேசியிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

புக்கிட் மெர்தாஜாம் தாண்டியதும் சன்னலின் இருபுறமும் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை. ஒரே உயரம், ஒரே நிழல். இந்த மண்ணில் முதலில் விளைந்தது கரும்பு. அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் ஒப்பந்தக் கூலிகளாக எங்கள் பக்கத்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. என் தாத்தாவின் தம்பி 1920-களில் திருவாடானைப் பக்கத்திலிருந்து ஆள் திரட்டும் கங்காணியோடு கிளம்பி வந்து, இங்கே பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்தே வாழ்ந்து முடித்தார். அவருடைய மகள்தான் அத்தை. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

ரயிலடியில் மாமா காத்திருந்தார். வீட்டுக்குள் கால் வைத்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பசியாறினாயா?" இந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல் என்றுதான் பெயர். எவ்வளவு நல்ல சொல். நாம் ஏன் இதைத் தொலைத்தோம் என்று தெரியவில்லை.

மாலையில் ஆற்றங்கரைக்குப் போனோம். கிரியான் ஆறு சேற்று நிறத்தில் அகலமாக ஓடுகிறது. இருட்டியபின் படகில் போனால் கரையோர மரங்களில் மின்மினி பார்க்கலாமாம். நான் வேண்டாம் என்றேன். அலுப்பு. திரும்பும் வழியில் அத்தை, "நாளை மதியம் எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நீயும் வருகிறாயா?" என்றார். ஓய்வு பெற்றவருக்கு என்ன பள்ளிக்கூடம் என்று விழித்தேன். "இது வேறு. பர்மா பிள்ளைகள். ரோஹிங்யா" என்றார்.

இரவு தூக்கம் பிடிக்கவில்லை. நான் ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் வளர்ந்தவள். எங்கள் ஊர் முகாம் மிகப் பழையது. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம். 1990-இல் இலங்கையில் மறுபடியும் போர் மூண்டபோது, படகு படகாக வந்து இறங்கியவர்களை அங்கேதான் தங்கவைத்தார்கள். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அப்படி வந்த மன்னார்ப் பெண். சித்திரை வெயிலிலும் புத்தகங்களைப் பாலித்தீன் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டு, சணலால் கட்டித்தான் கொண்டுவருவாள். ஒவ்வொரு வகுப்புக்கும் அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவாள். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வகுப்பில் யாருமே கேட்கவில்லை. அது படகில் பழகிய பழக்கம் என்று எனக்குப் புரிந்தபோது எனக்கு முப்பது வயது. அதற்குள் அவள் எங்கே போனாள் என்றே தெரியாமல் போயிருந்தது.

இரண்டாம் நாள், செவ்வாய்

பள்ளிக்கூடம் என்று பலகை எதுவும் இல்லை. டயர்க் கடை ஒன்றின் மாடி. குறுகலான மரப்படி. படியின் கீழே முப்பது சோடிச் செருப்பு, பெரும்பாலும் அளவு பெரியவை, அண்ணனுடையதோ அக்காளுடையதோ. மேலே ஒரே கூடத்தை அலமாரியால் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பதிவேட்டில் 31 பிள்ளைகள். காலையில் ஓர் உஸ்தாஸ் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறார். பிறகு மலாய், ஆங்கிலம், கணக்கு. கணக்கு அத்தையுடையது, வாரத்தில் நான்கு மதியம். சம்பளம் கிடையாது. வாடகையை ஊர்ப் பள்ளிவாசலைச் சேர்ந்த சிலரும் ஒரு சீனக் கடைக்காரரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளின் பெயரை இங்கே எழுதமாட்டேன். தெருவின் பெயரையும் எழுதமாட்டேன். ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. இந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்துக்கு அகதி என்ற சொல்லே தெரியாது. ஆவணம் இல்லாமல் வந்தவர் யாராக இருந்தாலும் அதன் கண்ணில் கள்ளக்குடியேறிதான். கோலாலம்பூரில் இருக்கும் ஐ.நா. அகதிகள் ஆணையம் பதிவு செய்து ஓர் அட்டை தருகிறது. எல்லோரும் அதை யூ.என். கார்டு என்கிறார்கள். இப்படிப் பதிவு பெற்றவர்கள் 1,90,000-க்கும் மேல். ரோஹிங்யா மக்கள் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டுவார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் 50,000-க்கும் மேல். பதிவுக்குக் காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அந்த அட்டை வைத்திருந்தாலும் அப்பாவுக்குச் சட்டப்படி வேலை செய்ய உரிமை இல்லை, பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் இல்லை. அதனால்தான் இப்படி மாடிகளிலும் பின்கட்டுகளிலும் கற்றல் மையங்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு மேல் நடக்கின்றன.

என் மன்னார்த் தோழிக்கு எங்கள் அரசுப் பள்ளியில் இடம் இருந்தது. எனக்குப் போட்ட அதே சத்துணவு முட்டை அவள் தட்டிலும் விழுந்தது. நான் எழுதிய அதே பரீட்சையை அவளும் எழுதினாள். முகாம் வாழ்க்கை கொடியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலில் அவளை யாரும் மறிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வாசலை அடைக்க எந்த நாட்டுக்கும் நியாயம் கிடையாது என்றே நான் நினைக்கிறேன். இன்று அந்தப் படியேறியதிலிருந்து இதுதான் நெஞ்சில் நிற்கிறது.

பெஞ்சுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மூடப்பட்ட தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து அத்தை கேட்டு வாங்கிவந்தவை. நல்ல கனத்த மரம். மேற்பலகை முழுக்க காம்பஸ் முனையால் கீறிய எழுத்துகள்: "கு.மு. 1978", "சரசு", ஒரு வேல், ஒரு கோணலான பந்து. எந்தப் பால்வெட்டுக்காரர் பிள்ளையோ, எந்த வெயில் மதியத்திலோ ஆசிரியருக்குத் தெரியாமல் கீறியவை. அந்த "மு" இருக்கும் இடத்தில் உட்காரும் பையனுக்கு எட்டு வயது இருக்கும். கணக்குப் போட யோசிக்கும்போதெல்லாம் சுட்டுவிரலை அந்தக் குழியில் வைத்து ஓட்டிக்கொண்டே இருக்கிறான். அப்படி ஓட்டி ஓட்டியே எழுத்தைக் கற்றுவிட்டான். என்னிடம் வந்து சிலேட்டில் ஒரு "மு" போட்டுக் காட்டினான். சுழி சரியாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று சொல்லிக்கொடுத்தேன். மாலை வரை அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பதிவேடு அத்தையின் பொறுப்பு. பெயர்கள் எல்லாம் தமிழில், பென்சிலால். "எனக்குக் கை தமிழில்தான் ஓடும்" என்றார். பென்சில் எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். அழித்து எழுதிய தடங்கள். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல். "கெடா." "வேறு தோட்டம்." "வேலை." "வேலை." "அமெரிக்கா." "திருமணம்." "தெரியவில்லை." "தெரியவில்லை."

"திருமணம்" என்ற சொல்லுக்கு நேரே இருந்த வயது 14. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அத்தை சொன்னார்: "வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசுகிறேன். சிலர் கேட்கிறார்கள். எங்கள் லயத்திலும், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளிலும், அப்படித்தானே இருந்தது. என்னைப் படிக்க விட்டதற்கு அப்பாவை எத்தனை பேர் ஏசினார்கள் தெரியுமா?"

பிறந்த தேதிக் கட்டத்தில் பல பேருக்கு ஜனவரி 1. தேதி தெரியாதவர்களுக்கு அட்டையில் அப்படிப் போட்டுவிடுகிறார்கள். அதனால் புத்தாண்டு அன்று மாடியில் ஒரே கேக்கை வெட்டி ஒன்பது பேருக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்களாம்.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி. பதினொரு வயது. வகுத்தல் கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மேசையில் நீலத் தண்ணீர்ப் போத்தல். நல்ல வெயில், மின்விசிறி ஒன்றுதான் ஓடுகிறது, மற்ற பிள்ளைகள் போத்தலைக் காலி செய்துவிட்டுக் குழாயடிக்கு ஓடுகிறார்கள். அவள் அடிக்கடி மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்து மூடிவைக்கிறாள். பாதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போகும்போதும் அந்தப் பாதி அப்படியே இருந்தது. "எப்போதுமே அப்படித்தான். குழாய் பக்கத்தில்தானே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்" என்றார் அத்தை. "படகில் வந்த பிள்ளை."

மூன்றாம் நாள், புதன்

இன்று வகுப்பு இல்லை. பக்கத்து ஊரில் குடிநுழைவுத் துறை லாரி நின்றதாகக் காலையில் யாருக்கோ செய்தி வந்தது. உண்மையோ வதந்தியோ, 31 பிள்ளைகளில் ஒருவரும் வரவில்லை. அத்தை மட்டும் வழக்கம்போல் இரண்டு மணிக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, எல்லோருக்கும் விடுமுறை என்று எழுதிவிட்டு வந்தார். வராதவர் என்று எழுத மனம் வரவில்லை என்றார்.

மழை விட்டதும் மாமா காரில் ஜாவி வரை கூட்டிப்போனார். வழியில் தொண்ணூற்றொன்பது கதவு பங்களாவைக் காட்டட்டுமா என்றார். கலிடோனியா தோட்டத்துத் துரைமார் கட்டியது, இப்போது பாழடைந்து கிடக்கிறது. நான் வேண்டாம் என்றேன். நான் பார்க்க விரும்பியது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை.

2022 ஏப்ரல் 20, விடிவதற்கு முன். பக்கத்தில் கெடா எல்லைக்குள் பண்டார் பாரு வட்டாரத்தில் இருந்த தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்யா மக்கள் தப்பி ஓடினார்கள். இருட்டில் இந்த நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தபோது வாகனங்கள் மோதி ஆறு பேர் இறந்தார்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு சிறுவன், ஒரு சிறுமி. மாமா அன்று காலை வேலைக்குப் போகும்போது போலீஸ் வண்டிகள் நின்றதைப் பார்த்திருக்கிறார். என்ன விபத்து என்று தெரியாமல் தாண்டிப் போய்விட்டாராம். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மேம்பாலத்தின் ஓரத்தில் நின்று பார்த்தோம். கீழே லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கமும் செம்பனை, இந்தப் பக்கமும் செம்பனை. ஓடி வந்த பிள்ளைக்கு எந்தப் பக்கம் போனால் என்ன என்று தெரிந்திருக்கும்?

நான்காம் நாள், வியாழன்

காலையில் மாமாவோடு கடைத்தெருவில் ரொட்டி சானாய் சாப்பிடப் போனேன். பக்கத்து மேசையில் மாமாவின் பழைய தோட்டத்து நண்பர். நான் எங்கே போய்வருகிறேன் என்று அறிந்ததும் முகம் மாறியது. "தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது எங்களை லயத்திலிருந்து எழுப்பினார்கள். அப்போது எங்களுக்கு எந்த ஐக்கிய நாட்டுச் சபை வந்தது அம்மா? நம் பிள்ளைகள் இன்னும் பன்னிரண்டாவது மாடியில் ஒண்டிக்கொண்டு இருக்கிறார்கள். அத்தைக்கு அதற்கு நேரமில்லை, இதற்கு நேரம் இருக்கிறதா?" என்றார்.

நான் பதில் பேசவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. மூன்று தலைமுறை உழைத்த மண்ணிலிருந்து வெறுங்கையோடு எழுந்து போன மனிதர். தோட்டம் போனபின் நகர ஓரத்துக்குத் தள்ளப்பட்ட தமிழர்களின் கதையை யாராவது உட்கார்ந்து கேட்கவேண்டும். ஆனால் அவர் வீட்டை எடுத்தவள் அந்த நீலப் போத்தல் சிறுமி இல்லை. இதை அவரிடம் சொல்லியிருக்கவேண்டும் என்று மதியம் வரை மனம் அரித்தது. பிறகு மாமா சொன்னார், தீபாவளிக்கு முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிக்கு முதலில் ஏறியவர் இவர்தானாம். மனிதர்களை ஒரு காலைப் பேச்சில் அளந்துவிடக் கூடாது.

மதியம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், 26 பேர். இன்னும் ஐந்து பேர் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் நாலைந்து பிள்ளைகள் அத்தையோடு கூடவே வந்து, அத்தை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாட்டியின் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். பாட்டிக்கு வயது 86. அவித்த மரவள்ளிக்கிழங்கும் துருவிய தேங்காயும் வைத்திருந்தார். அது அவர்களின் அன்றாட வழக்கமாம்.

பாட்டி அந்தப் போத்தல் சிறுமியைப் பார்த்து மலாயும் தமிழும் கலந்து ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் ஊர்ப் பக்கம் ரயில் போகிறதா?" சிறுமி தெரியாது என்று தலையாட்டினாள். பாட்டியும் தலையாட்டிக்கொண்டு கிழங்கை எடுத்துக் கொடுத்தார். "எந்தப் பிள்ளை புதிதாக வந்தாலும் இதைத்தான் கேட்பார்" என்று அத்தை என் காதில் சொன்னார்.

பிள்ளைகள் போனபிறகு பாட்டியே பேசினார். நடுவில் நான் குறுக்கிடவில்லை.

ஜப்பான்காரன் காலம், 1943. பாட்டிக்கு ஐந்து வயது. ரப்பருக்கு விலை இல்லை, அரிசி இல்லை, லயத்தைச் சுற்றி மரவள்ளிதான். உடுத்தக் கோணிச்சாக்கு. ஒரு நாள் பிரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், ஆள் பெயர் வாசித்தார்கள். மூன்று மாத வேலை, திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். அப்பா ஒரு போர்வையும் ஒரு மங்குத் தட்டும் எடுத்துக்கொண்டார். அம்மா பாட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலடி வரை நடந்தார். நான் திங்கட்கிழமை வந்து இறங்கிய இதே நிபோங் திபால் ரயிலடி. மாடு ஏற்றும் பெட்டியில் நிற்க வைத்து ஏற்றினார்கள். அப்பா பெட்டிக்குள் எங்கே நின்றார் என்று பாட்டிக்குத் தெரியவில்லை. கதவு சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதுதான் சயாம் மரண ரயில். சயாமின், இன்றைய தாய்லாந்தின், பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் காட்டையும் மலையையும் வெட்டித் தண்டவாளம் போட்டு முடித்தார்கள். போர்க்கைதிகளாக வேலை செய்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கல்லறைகள் இருக்கின்றன, கல்லறையில் பெயர் இருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காலரா, மலேரியா, கால் புண், பட்டினி. எரித்த இடமும் தெரியாது, புதைத்த இடமும் தெரியாது.

போர் முடிந்து சிலர் காலெல்லாம் புண்ணோடு திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவர், பாட்டியின் அப்பாவைப் பர்மா பக்கத்தில் ஓர் ஆற்றங்கரை முகாமில் பார்த்ததாகச் சொன்னாராம். அப்போது உயிரோடு இருந்தார் என்றாராம். அவ்வளவுதான். அதற்குள் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார். பாட்டியையும் தம்பியையும் ஆயாக்கொட்டகை ஆயாதான் வளர்த்தார். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகை அது. மாலையில் எல்லாப் பிள்ளைகளையும் தூக்கிப்போக ஆள் வரும், இவர்கள் இருவருக்கு மட்டும் வராது. "அந்த நேரம்தான் அம்மா பொல்லாதது" என்றார் பாட்டி. எண்பது வருடம் கழித்துச் சொல்கிறார், குரல் கம்மியது.

பிறகு பாட்டி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் பழைய சிவப்பு ஐ.சி., அடையாள அட்டை. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டு மரத்தை வெட்டி, குடியுரிமை இல்லாமல் பல வருடம் சிவப்பு அட்டையோடு இருந்தவர். பிறந்ததற்குப் பத்திரம் இல்லை என்பதுதான் காரணம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலைப் பெர்மிட் வாங்கவேண்டும் என்று சட்டம் இறுகியபோது, பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். பாட்டி போகவில்லை. "எங்கே போவது? எனக்கு அங்கே யாரைத் தெரியும்?" குடிமக்களுக்கான நீல ஐ.சி. கிடைத்தபோது பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்.

மாலை ஆறு மணிக்குச் சிறுமியின் அப்பா நன்றி சொல்ல வந்தார். சாலையோரப் புல் வெட்டுகிற கூலி வேலை. சட்டையில் பச்சைத் துகள். நான் பேசலாமா என்று அத்தை மலாயில் கேட்டுச் சொன்னார். ஊர் புத்திடாங், பர்மாவின் மேற்கே அரக்கான். 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை அந்நாட்டுக் குடிமக்கள் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியது. இவர் பிறந்தபோதே நாடு இல்லை. 2013-இல் இவர் மட்டும் இங்கே வந்தார். மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். 2017 ஆகஸ்டில் ராணுவம் ஊர் ஊராக எரித்தபோது, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். அவர்களில் இவ்விருவரும் இருந்தார்கள். சிறுமிக்கு அப்போது நான்கு வயது. குட்டுப்பாலாங் முகாமில் சில வருடம். பிறகு படகு. இந்தோனேசியாவின் அச்சே கரை, அங்கிருந்து மறுபடி படகு, இந்தக் கரை. எத்தனை நாள் கடலில் இருந்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்தார். கேட்கவில்லை.

அவரிடம் யூ.என். கார்டு இருக்கிறது. மனைவிக்கும் மகளுக்கும் இன்னும் வரவில்லை. மகனுக்கு மூன்று வயது, இங்கே பிறந்தவன். அவன் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்லாதவர் என்று அச்சாகியிருக்கிறது. சட்டைப் பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்துக் காட்டினார். அது ஒரு பிளாஸ்டிக் உறையில், அந்த உறை ஒரு பாலித்தீன் பையில், அதைச் சுற்றி ரப்பர் வளையம். அவிழ்த்தார், காட்டினார், மறுபடி அதே வரிசையில் மடித்துக் கட்டினார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

2024 மே மாதம் புத்திடாங்கின் பெரும்பகுதி எரிந்தது. அங்கே ராணுவத்துக்கும் அரக்கான் ஆர்மி என்ற கிளர்ச்சிப் படைக்கும் சண்டை. அவருடைய அண்ணன் குடும்பம் அங்கே இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வாக்கியம் சொன்னார். அத்தை அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி

தொழுகை நாள் என்பதால் வகுப்பு காலையிலேயே முடிந்துவிடும். நான் ஒன்பது மணிக்கே மாடிக்குப் போய்விட்டேன். 29 பேர். "மு" பையன் எனக்காகப் பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தான். அவனுக்கு இன்னும் இரண்டு எழுத்து சொல்லிக்கொடுத்தேன். வராத இரண்டு பேரில் ஒரு பையன் பினாங்குத் தீவில் கட்டட வேலைக்குப் போய்விட்டானாம். வயது 13. அத்தை பென்சிலை எடுத்து "வேலை" என்று எழுதப் போனார், நிறுத்தினார், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார். "ஒரு மாதம் பார்க்கிறேன். அவன் அப்பாவிடம் இன்னும் ஒருமுறை பேசுகிறேன்" என்றார். நல்ல மூளைக்காரப் பையனாம், மனக்கணக்கில் புலியாம்.

எனக்கு மூன்றரைக்கு ரயில். மதியம் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். சிறுமி ஏற்கெனவே அங்கே இருந்தாள், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு. பாட்டி மரவள்ளியை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிறுமி எழுந்து நின்று, "பசியாறினீர்களா, அக்கா?" என்றாள். தெளிவான தமிழ். பாட்டியின் குரலில் இருக்கும் அதே இழுப்பு.

பிறகு பாட்டியின் பக்கம் திரும்பி ஏதோ ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து நின்றாள். நேற்று இரவு அப்பாவிடம் கேட்டுவந்திருக்கிறாள். அத்தை எனக்குச் சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் ரயில் இல்லை பாட்டி. அப்பா பார்த்ததே இல்லையாம். ஆறுதான் இருக்கிறது. மாயூ என்று பெயர். பெரிய ஆறாம், எல்லோரும் படகில்தான் போவார்களாம்.

தான்பியூசாயாட் பர்மாவின் தெற்கே இருக்கிறது. மாயூ ஆறு மேற்குக் கரையில், வங்கக் கடலில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மைல். எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

பாட்டி கத்தியைக் கீழே வைத்தார். "ஆறா?" என்றார். சிறுமி ஆமாம் என்று தலையாட்டினாள். பாட்டி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியும்" என்றார்.

சிறுமிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தம்பியை இறக்கிவிட்டு, பாட்டியின் பக்கத்தில் திண்ணையில் போய் உட்கார்ந்து, தன் போத்தலைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.